பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறாள்

என் மகளுக்கு ஜெர்மனி விசா கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் கடைசியில் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைகிற வேலை. திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு வந்தவன். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. குவார்ட்டர்ஸில் மாடி வீடு, மனைவி, ஒரே மகள். மகளைப் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமோ சேர்த்ததும் நான்தான். படித்து முடித்ததும் ஏதாவது அரசாங்க ஆபீசில் ஃபேனுக்கு அடியில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். மெக்கானிகல் படித்தவளை எந்த ஆபீசில் உட்கார வைப்பார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு என் மூளை அப்போது வேலை செய்யவில்லை.

அவளோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பம்புகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற இடம். அங்கே கம்ப்யூட்டரில் ஓடுகிற லேத்தில் ஆபரேட்டர். வீட்டில் வந்து சொன்ன அன்று நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"பட்டறைலயா? உன்னைப் படிக்க வெச்சது பட்டறைக்குப் போறதுக்கா?"

"நீங்களும் லேத்துதானேப்பா ஓட்டுறீங்க?"

"நான் ஓட்டினா நீயும் ஓட்டணுமா? நான் பர்மனென்ட். சென்ட்ரல் கவர்மென்ட். அது வேற, இது வேற."

என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். எங்கள் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் ஆட்களை நாங்கள் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தனியாகப் போய் உட்காருவார்கள். யாரும் போகச் சொன்னதில்லை, வரச் சொன்னதும் இல்லை. அந்தப் பார்வை என் பெண் மேல் விழுந்துவிடக் கூடாது என்று பயந்தேன். பார்வையே தப்பு என்று தோன்றவில்லை பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வாரமே பால் பூத்தில் எதிர் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். எங்கள் ஃபேக்டரியிலேயே கணக்குப் பிரிவில் இருப்பவர். அவர் மகள் அம்பத்தூரில் ஒரு வங்கியில் ஆபீசர். "பொண்ணு டிப்ளமோ முடிச்சிடுச்சே சார், இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "பேங்க் எக்ஸாமுக்குப் படிக்குது சார், அம்பத்தூர்ல கோச்சிங்" என்று சொல்லிவிட்டது.

மறுநாள் காலையில் மனிதர் ஒரு கட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார். அவர் மகள் படித்துத் தேர்வான கைடுகள், பழைய வினாத்தாள்கள், ஓரத்திலெல்லாம் பென்சில் குறிப்புகள். "நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி அந்தக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. எவ்வளவு சோறு வடிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

சோறு நிறையவே வடித்தோம். மகளுக்குக் கம்பெனியில் சாம்பல் நிறச் சட்டை கொடுத்திருந்தார்கள், பாக்கெட்டில் கம்பெனி பெயர் தைத்தது. அதைத் தெருவில் போட்டுக்கொண்டு போகக் கூடாது, பையில் வைத்து எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டேன். துவைத்தால் பால்கனிக் கொடியில் போடக் கூடாது. படுக்கையறையில் ஒரு கயிறு கட்டி, ஃபேன் காற்றில் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அறை முழுக்க ஈர நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அடிக்கும். அவள் ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை. தினமும் காலையில் அண்ணனூரில் ஏழரை வண்டி பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்குவாள். இப்படியே மூன்று வருஷம். எதிர் வீட்டுக்காரரும் வருஷத்துக்கு ஒரு புதுக் கட்டு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு அடியில் இடம் இல்லாமல் போயிற்று.

ஜெர்மனி பேச்சு எப்படி வந்தது என்றால், அவளோடு டிப்ளமோ படித்த ஒரு பெண் அங்கே போயிருந்தாள். அங்கே தொழில் படிப்பு என்று ஒன்று உண்டாம். வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் கம்பெனியில் மெஷின் முன்னால். கையில் சம்பளமும் வரும். மூன்றரை வருஷம் முடித்தால் வேலை. என் மகள் வேலை முடிந்து அண்ணா நகரில் ஜெர்மன் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் ஃபிரிட்ஜ், கதவு, கண்ணாடி எல்லாவற்றிலும் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டி வார்த்தை எழுதி வைத்தாள். லேத்துக்கு அங்கே 'ட்ரேமஷீன' என்று பெயர். அதை மட்டும் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் என் சாப்பாட்டு டப்பா மேல் ஒட்டிவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மகள் முன்னேறுகிறாள் என்பதற்காக மட்டும் அல்ல, பொய் சொல்வானேன்? ஜெர்மனி என்று சொல்லிவிட்டால் பட்டறை அழிந்துபோகும். பிளேன் ஏறினவளை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

அவளுக்கு அங்கே ஒரு கம்பெனி ஆன்லைனில் நேர்காணல் வைத்து, லேத் தொழில் படிப்புக்கு இடம் கொடுத்து, ஒப்பந்தமும் அனுப்பிவிட்டது. செப்டம்பரில் படிப்பு ஆரம்பம். விசா ஒன்றுதான் பாக்கி. ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைக்கு மேலே ஒரு கன்சல்டன்சி இருக்கிறது. விண்ணப்பம் நிரப்ப அங்கே போனோம். அங்கே இருந்த மேடம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார். பெயர், பிறந்த ஊர், படிப்பு எல்லாம் ஆனது.

"டிப்ளமோ முடிச்சு மூணு வருஷம் ஆகுதே. இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?"

மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சா மேடம்."

ஏன் சொன்னேன்? அந்த அறையில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஆட்கள் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த முகம் ஒன்று கூட இல்லை. மூன்று வருஷமாக அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய்க்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் தட்டி முடித்துவிட்டார். மகள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

விசா அலுவலகத்தில் அவளை அரை மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். வெளியே வந்ததும் "எப்படிம்மா?" என்றேன். "பரவால்லப்பா" என்றாள். நான் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் மாதக் கடைசியில் தபால் வந்தது. மறுப்பு. ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம். சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவளே படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரர் மூன்று வருஷம் வங்கித் தேர்வுக்குத் தயாராகியிருக்கிறார். இயந்திரத் தொழிலில் அவருக்கு எந்த அனுபவமும் இல்லை. திடீரென்று இந்தத் தொழிலைப் படிக்க விரும்புவதற்கான காரணம் நம்பும்படியாக இல்லை. அவ்வளவுதான் சாரம்.

நான் கத்தினேன். யார் மேல் என்று கேட்காதீர்கள். ஜெர்மன்காரன் மேல், கன்சல்டன்சி மேல், தபால்காரர் மேல் கூட. "அனுபவம் இல்லையா? மூணு வருஷம் லேத்துல நின்னவளுக்கு அனுபவம் இல்லையா? நீ நேர்லயாவது சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாங்கப்பா," என்றாள் மெதுவாக. "எப்பவாவது மெஷின் முன்னாடி நின்னு வேலை பார்த்திருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏன்டி!"

"பேப்பர்ல நீங்க சொன்னது இருக்கே. நான் ஆமான்னு சொன்னா நீங்க சொன்னது பொய்னு ஆயிடுமேப்பா."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அவள் ஒரே ஒரு முறை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் சத்தமில்லாமல், ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே.

ஜெர்மனியில் இருந்த கம்பெனி நல்ல கம்பெனி. அக்டோபர் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதினார்கள். மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கன்சல்டன்சி மேடம் கையை விரித்தார். முதலில் அனுபவமே இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது மூன்று வருஷம் என்று சான்றிதழ் வைத்தால், காசு கொடுத்து வாங்கிய போலி என்றுதான் நினைப்பார்களாம். அசைக்க முடியாத ஆதாரம் வேண்டும் என்றார்.

அதனால் நான் முதல் முறையாக அந்தப் பட்டறைக்குப் போனேன். மகளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவள் ஏறுகிற ரயிலுக்கு அடுத்த ரயிலில் ஏறி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். வாசலில் இரும்புச் சுருள் குவியல். முதலாளிக்கென்று ஆபீஸ் அறை ஏதும் இல்லை. வேலையாட்களோடு நின்றுகொண்டிருந்த மனிதர்தான் முதலாளி. நான் யார் என்று சொன்னதும் அவர் கையில் இருந்த டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணோட நைனாவா நீங்க? இன்னா சார் இது! நீங்க காஷ்மீர்ல டேங்கு ரிப்பேர் பண்ணிகினு கீறீங்கன்னுல்ல அது சொல்லிகீது!"

"காஷ்மீரா?"

"ஆமா சார். மூணு வருசமா ஊட்லேர்ந்து ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கலியே, இன்னா மன்சங்கன்னு ஒரு தபா கேட்டுட்டேன். எங்க நைனாவுக்கு லீவே குட்க மாட்டாங்க, எல்லைல கீறாருன்னு சொல்ச்சி. நானும் பட்டாளத்து ஆளுன்னு நென்ச்சிகினு கீறேன்."

பத்து நிமிஷ நடை, இருபது நிமிஷ ரயில் தூரத்தில் இருந்த என்னை அவள் காஷ்மீருக்கு அனுப்பிவிட்டாள். சிரிப்பதா அழுவதா? எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்தது.

உள்ளே கூட்டிப்போனார். மூன்றாவது மெஷினில் நின்றது என் மகள். சாம்பல் நிறச் சட்டை, தலையில் தொப்பி, கண்ணாடி. கடைந்து முடித்த ஜாபைக் கழற்றி, துணியால் துடைத்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்தாள். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை மாட்டினாள். கையில் ஒரு அவசரம் இல்லை, ஒரு தயக்கமும் இல்லை. வேலை தெரிந்த கையை எனக்கு அடையாளம் காட்ட வேண்டியதில்லை. நான் பக்கத்துத் தட்டிலிருந்து அவள் கடைந்த ஒரு புஷ்ஷை, அந்தச் சின்ன இரும்பு வளையத்தை, எடுத்து உள்பக்கம் நகத்தால் வருடிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"அது கைல போட்ட ஜாப் ஒண்ணு கூட திரும்பி வந்தது கெடையாது சார்," என்றார் முதலாளி. "கஸ்டமர் போன் பண்ணி, அந்தப் பொண்ணு போட்டதான்னு கேட்டு வாங்கறான்."

அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், இடது கையைத் தூக்கிச் சட்டைப் பாக்கெட்டில் இருந்த கம்பெனி பெயரை மறைத்ததுதான். யோசித்துச் செய்யவில்லை. என் தலையைக் கண்டதும் அந்தக் கை தானாகப் போயிற்று. எத்தனையோ பேர் முன்னால் தலை குனிந்திருக்கிறேன். அன்றைக்குக் குனிந்தது போல ஒரு நாளும் இல்லை. அட பாவி, உன் பெண்ணுக்கு என்ன பழக்கிவிட்டிருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதலாளி எல்லாம் கொடுத்தார். "சர்ட்டிபிகேட்டு ஒண்ணு இன்னா, பத்து எய்தித் தர்றேன். பிஎஃப், ஈஎஸ்ஐ, சம்பள சிலிப்பு அல்லாம் எட்த்துக்கோ சார். அது போய்ட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான். இன்னா பண்றது, நல்லா இருக்கட்டும்."

காகிதங்களோடு மறுபடி கன்சல்டன்சிக்குப் போனோம். மேடம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆதாரம் பிரமாதம் என்றார். ஆனால் முதல் விண்ணப்பத்தில் ஏன் மறைத்தீர்கள் என்பதற்கு ஒரு விளக்கக் கடிதம் கட்டாயம் வேண்டும். அவரே வழியும் சொன்னார். "எங்க ஆபீஸ்ல டைப் பண்ணும்போது தப்பாயிடுச்சுன்னு போட்டுடலாம் சார். பழியை நாங்க எடுத்துக்கறோம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நன்றாக இருக்கிறதே, அப்படியே போடுங்கள் என்று சொல்லியும்விட்டேன். பக்கத்தில் இருந்து மகள் குரல் வந்தது.

"மறுபடியுமாப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அந்த அலுப்பு என்னைக் குத்திய மாதிரி எந்தக் கோபமும் குத்தியிருக்காது. நான் மேடத்திடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். தமிழில் எழுதினேன், மகள் பிறகு ஜெர்மனில் மாற்றினாள். கடிதம் பெரிதாக ஒன்றும் இல்லை:

"ஐயா, என் மகள் மூன்று வருஷமாக அம்பத்தூரில் லேத்தில் வேலை செய்கிறாள். முதல் விண்ணப்பத்தில் அதை மறைத்துச் சொன்னது நான். அவள் அல்ல. உங்கள் கேள்விக்கு அவள் இல்லை என்று சொன்னது என் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக. எங்கள் ஊரில் ஆபீசில் உட்கார்ந்தால் மரியாதை, பட்டறையில் நின்றால் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. நானும் அப்படி நினைத்தேன். நான் முப்பத்திரண்டு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். என் வேலையை வைத்துத்தான் அவளை வளர்த்தேன். அதே வேலையை அவள் செய்ததற்கு வெட்கப்பட்டேன். தவறு என்னுடையது. அவள் நல்ல தொழிலாளி."

கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதை அவளிடமே நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தாளை வாங்கிப் படித்தவள், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நேர்காணல் செப்டம்பரில் நடந்தது. விசா அலுவலகத்தில் கேள்வி கேட்ட அம்மாள் என் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு மெஷினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம்: என்ன இரும்பு, எப்படி அளப்பாய், அளவு தப்பினால் என்ன செய்வாய். "இந்தத் தடவை எல்லாத்துக்கும் உண்மையைச் சொன்னேன்பா, ஈசியா இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. என் மனைவி வேண்டாத சாமி இல்லை. அக்டோபர் நடுவில் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. என் மனைவி அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகக் கட்டுகளை எல்லாம் வெளியே இழுத்தேன். தூசி தட்டி, மேலே ஒரு ஸ்வீட் பெட்டியை வைத்து, தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனிதர் பனியனோடு வந்து நின்றார். கட்டைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டேன்.

"சார், என் பொண்ணு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கல. மூணு வருஷமா அம்பத்தூர்ல லேத் ஓட்டுறா. இப்ப அந்தத் தொழிலைப் படிக்கத்தான் ஜெர்மனி போறா. விசா வந்துடுச்சு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கணும்."

அவர் புத்தகக் கட்டை வாங்கிக் கீழே வைத்தார். நிதானமாக ஸ்வீட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியுமே சார்."

"என்ன தெரியும்?"

"லேத் ஓட்டுறது. என் பொண்ணும் அதே ஏழரை வண்டிதானே? ரெண்டும் ஒண்ணாத்தான் உக்காந்து போகும். உங்க பொண்ணோட சம்பள அக்கவுன்ட்டே என் பொண்ணோட பிராஞ்ச்லதான் இருக்கு. இந்த பிளாக்ல எல்லாருக்கும் தெரியும் சார்."

"அப்ப வருஷா வருஷம் புத்தகம் குடுத்தீங்களே?"

"நீங்க அப்படிச் சொல்றீங்க. நான் குடுக்காம விட்டா, தெரிஞ்சிடுச்சுன்னு உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான்," என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போனது ஜெர்மன்காரனுக்கு மட்டும்தான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக, நான் ஒருவன் மட்டும் இருட்டில் உட்கார்ந்து, என் பெண்ணின் பயணத்தையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் வந்தேன். மகள் படுக்கையறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றில் அவளுடைய சாம்பல் நிறச் சட்டைகள் இரண்டு ஈரமாகத் தொங்கின.

"எதிர் வீட்டுல எல்லாருக்கும் தெரியுமாமே?"

"ம்."

"அவங்களுக்குத் தெரியும்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் மாசத்துலேர்ந்தேப்பா. அந்த அக்காதானே எனக்கு அக்கவுன்ட் ஓபன் பண்ணிக் குடுத்தாங்க."

"அப்புறம் ஏன்டி மூணு வருஷமா சட்டையை உள்ளேயே காயப் போட்டே?"

அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "யாருக்கும் தெரியலன்னு நீங்க நிம்மதியா இருந்தீங்களேப்பா."

நான் கயிற்றிலிருந்து சட்டைகளை உருவிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கொடியில் உதறிப் போட்டு, கம்பெனி பெயர் தெருப்பக்கம் தெரிகிற மாதிரி கிளிப் மாட்டினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. உள்ள போடுங்க."

"நனைஞ்சா நனையட்டும்," என்றேன்.